மூன்றாவது கையெழுத்து

இந்திய ரூபாய் நோட்டுகளில் அந்தக் காலத்தில் இரண்டு பேர்தான் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு ரூபாய் நோட்டில் நிதித்துறைச் செயலாளர். அதற்கு மேல் எல்லா நோட்டிலும் ரிசர்வ் வங்கி கவர்னர். மூன்றாவதாகப் பத்து மாதம் செல்லுபடியான கையெழுத்து என்னுடையது. முதல் இருவருக்கும் கார், பங்களா, சலாம் போட ஆள் எல்லாம் உண்டு. எனக்கு, போடிநாயக்கனூர் குத்புதீன் ராவுத்தர் ஏலக்காய்க் கடையில் கணக்குப்பிள்ளை வேலை, மாதம் இருநூற்று நாற்பது ரூபாய் சம்பளம், மூன்று கால் மேசை ஒன்று. நான்காவது கால் இருந்த இடத்தில் 1974ஆம் வருஷத்துப் பேரேடு முட்டுக்கொடுத்திருந்தது. நாணயத்தை வெளியிடுகிறவனுடைய மேசை ஆடக்கூடாது அல்லவா?

1982 ஐப்பசியில் ஊரில் சில்லறை காணாமல் போனது. எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பத்துப் பைசாவை உருக்கினால் பன்னிரண்டு பைசாவுக்கு அலுமினியம் கிடைக்கிறது, எல்லாம் சோத்துப்பானையாகிவிட்டது என்றார்கள். எங்கள் வீட்டுப் பானையைத் தட்டிப் பார்த்தேன். அதில் நாணயச் சத்தம் வரவில்லை, சோறும் இல்லை. பஸ்சில் கண்டக்டர் டிக்கெட்டின் முதுகில் 'பாக்கி 20' என்று எழுதிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுப் பிச்சைக்காரர்கள் மட்டும் செழிப்பாக இருந்தார்கள். நூறு ரூபாய் நோட்டுக்குத் தொண்ணூறு ரூபாய்ச் சில்லறை என்று உட்கார்ந்த இடத்திலேயே மாற்றிக் கொடுத்தார்கள். பெரிய பெரிய வியாபாரிகள் அவர்கள் முன்னால் குத்தவைத்து, "அண்ணே, கொஞ்சம் பாத்துக் குடுங்கண்ணே" என்று கை நீட்டினார்கள். யார் பிச்சைக்காரர் என்று தூரத்திலிருந்து சொல்வது கஷ்டம்.

எங்கள் கடையில் முப்பது பெண்கள் காய் பொறுக்கினார்கள். மலையிலிருந்து வரும் ஏலக்காயைக் காம்பு கிள்ளி, சல்லடையில் தெள்ளி, பருமன் வாரியாகப் பிரிக்கும் வேலை. ஒரு நாள் கூலி நாலு ரூபாய் முப்பத்தைந்து பைசா. நாலு ரூபாய்க்கு நோட்டு இருந்தது. முப்பத்தைந்து பைசாவுக்கு அன்றாடம் ஒரு சண்டை.

"என்ன சின்னமுத்து, முப்பத்தஞ்சு பைசாவுக்குப் பொம்பளையாளுக மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்குதுக. எதாச்சும் பண்ணுய்யா" என்றார் முதலாளி.

"மொதலாளி, இன்னைய வெலைக்கு அஞ்சு பைசாவுக்கு ரெண்டு காய். பதினாலு காயைப் பொட்டலம் கட்டிக் குடுத்துருவோம்."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்குள்ள இம்புட்டு இருந்துச்சா!"

அவ்வளவுதான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அது தெரியவில்லை.

ஒரு சிக்கல் மட்டும். கடை வாசலில் காவலுக்கு உக்கிரபாண்டி அண்ணன் இருந்தார். சாயங்காலம் வெளியே போகிற பெண்கள் கொசுவத்தை உதறி, கொண்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். ஆண்களுக்குப் பையைத் தடவிப் பார்ப்பார். ஒரு காய் அகப்பட்டாலும் வாசல் ஓரம் இருந்த பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர் மறுநாள் வேலைக்கு வந்ததில்லை. உக்கிரபாண்டியை வேலைக்கு வைத்த அன்று முதலாளி ஒரு பேச்சுக்காக, "யாரா இருந்தாலும் சோதி. நானா இருந்தாலும் சோதி" என்று சொல்லிவிட்டார். உக்கிரபாண்டி பேச்சுக்காகச் சொல்வதையெல்லாம் அறியாத மனிதர். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் முதலாளி வாசலில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார். "சட்டம்னா சட்டந்தான் மொதலாளி. இந்தப் பக்கம் திரும்புங்க."

ஆக, கூலிக்காய் எது, திருட்டுக்காய் எது என்று உக்கிரபாண்டிக்குத் தெரிய வேண்டும். பொட்டலத்தின் மேல் '35 பைசா' என்று எழுதினேன். கடை முத்திரை குத்தினேன். மேசைமேல் ஐந்து ரூபாய் நோட்டு ஒன்று கிடந்தது. அதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. 'இதைக் கொண்டுவருபவருக்கு முப்பத்தைந்து பைசா தருவதாக உறுதி கூறுகிறேன்' என்று அழகுக்காக ஒரு வரி எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். கோழி கிளறியது போன்ற கையெழுத்து. ஆனாலும் கம்பீரமாக இருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம் வாசலைத் தாண்டலாம் என்று உக்கிரபாண்டிக்கு உத்தரவானது.

தினமும் மடிப்பதற்குச் சோம்பல்பட்டு ஒரே வாரத்தில் ஒன்பதாயிரம் பொட்டலம் மடித்து அடுக்கினேன். ஒரு வருஷத்துக்கு இனிக் கவலையில்லை என்று சுண்டு விரலில் சொடக்கு எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் சுறுசுறுப்பாக இருந்தது அந்த ஒரு வாரம்தான். வினையும் அந்த வாரம்தான் விளைந்தது.

எதிரே ஜஹாங்கீர் டீக்கடை. டீ முப்பத்தைந்து பைசா. ஒரு பொட்டலத்துக்கு ஒரு டீ. ஜஹாங்கீர் அதைச் சவரக் கடையில் கொடுத்தான். சவரக் கடைக்காரர் டூரிங் டாக்கீசில் கொடுத்தார். கார்த்திகை முடிவதற்குள் ராசிங்காபுரம் வரைக்கும் என் கையெழுத்து செல்லுபடியாயிற்று. கோயில் தட்டில் விழுந்தது. கல்யாணத்தில் நாற்பது பொட்டலம் மொய் வந்ததாகக் கேள்வி. தெருவில் நடக்கும்போது என் முதுகு தானாகவே நிமிர்ந்துகொண்டது. பெண்டாட்டி மட்டும், "கவர்னரு, வெறகு இல்ல" என்றாள்.

மாசி பிறந்தது. மலையில் மழை இல்லை. செடிகள் நின்ற நிலையிலேயே காய்ந்தன. காயின் விலை ஏற ஆரம்பித்தது. கிலோ நூறு ரூபாய்க்கு விற்றது நூற்றைம்பதாயிற்று, இருநூறாயிற்று, ஆடியில் முந்நூறைத் தாண்டிற்று. முப்பத்தைந்து பைசாப் பொட்டலத்துக்குள் இருந்த பதினாலு காய் இப்போது ஒரு ரூபாய்.

அப்போதுதான் ஊர் பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கிற்று. முதலில் ஜஹாங்கீர் நாலு காயை எடுத்துக்கொண்டு பத்தை மடித்துக் கொடுத்தான். சவரக் கடையில் அது ஏழாயிற்று. டாக்கீசில் மூன்றாயிற்று. கடைசியில் வெறும் தொலியும் வேப்பங்கொட்டையுமாகப் பொட்டலங்கள் சுற்றி வந்தன. நல்ல பொட்டலங்கள் சில்லறை போன வழியே போய்விட்டன. எல்லாவற்றிலும் என் கையெழுத்து மட்டும் குறையாமல் இருந்தது. தினமும் புதிதாக முப்பது நல்ல பொட்டலங்களை நான் வெளியே அனுப்பிக்கொண்டும் இருந்தேன். முப்பத்தைந்து பைசாவுக்கு ஒரு ரூபாய்ச் சரக்கைத் தூக்கிக் கொடுக்கிறோம் என்று ஆடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால், யார் யோசனை என்று கேட்பார்.

இதையெல்லாம் எனக்கு முன்பே புரிந்துகொண்ட ஒரே ஆள் ஒச்சம்மாள். ராசிங்காபுரத்திலிருந்து வேலைக்கு வருகிறவள். கைம்பெண். ஒரே மகள் வேலுத்தாயோடு ஓலை வீட்டில் இருந்தாள். ஓலை மக்கி, படுத்தால் நட்சத்திரம் தெரிந்தது. தகரம் போட வேண்டும் என்பது அவளுடைய ஒரே எண்ணம். பத்து மாதமாக ஜஹாங்கீர் கடைப் பக்கமே போகாமல், வாங்கிய பொட்டலம் அத்தனையையும் பிரிக்காமல் ஒரு பெரிய பால்மாவு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.

"மழை இல்லாத வருஷம் எதுக்குக்கா கூரை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மழை பேயுற அன்னைக்கா கூரையப் பிரிப்பாக? போன வருசம் ஒரு தகரம் நாப்பது ரூவா. இப்ப அம்பத்தஞ்சு. ரூவாயில பாத்தா தகரம் ஏறிக்கிட்டே போகுது அப்பு. பொட்டலத்துல பாத்தா எறங்கிக்கிட்டே வருது. நான் எதுக்கு ரூவாயில பாக்கணும்?"

நான் பி.யு.சி. வரை படித்தவன். விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவள் சொன்னதுதான் சரி.

ஆவணியில் ஒருநாள் காலை அந்த டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். இருநூற்று அறுபது பொட்டலம். "இன்னைய வெலைக்கு எடை போட்டு ரூவாயாக் குடு அப்பு. தகரக் கடைக்காரர்ட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

எடை போட்டால் முதலாளிக்குத் தெரியும். தெரிந்தால் கணக்கு வரும். கணக்கு வந்தால் கணக்குப்பிள்ளை போவான். "நாளைக்குப் பாப்பம்க்கா. இன்னைக்குச் சோலி கெடக்கு" என்றேன். அரசாங்கத்தில் ஒருநாள்கூட வேலை பார்க்காதவன் நான். அந்தச் சொல் எப்படி இவ்வளவு சரளமாக வந்தது என்று இன்றும் வியக்கிறேன்.

சாயங்காலம் அவள் டப்பாவோடு வாசலுக்குப் போனாள்.

"ஏத்தா, ஒரு நாளைக்கு ஒண்ணுதான் வெளிய போலாம். நீ இருநூத்தி அறுவதக் கொண்டு போற" என்றார் உக்கிரபாண்டி.

"காலைல நாந்தானண்ணே உள்ள கொண்டாந்தேன்!"

"உள்ள வர்றதச் சோதிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்ல. வெளிய போறதத்தான் சோதிக்கச் சொன்னாக. ஒக்காரு பெஞ்சுல."

முதலாளி அன்று ஊரில் இல்லை. போலீசுக்கு ஆள் போயிற்று. ஏட்டு வந்து பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தார். "காய்னா திருட்டு, ஒரு நோட்டுல எழுதணும். பணம்னா கள்ளப்பணம், வேற நோட்டுல எழுதணும். எந்த நோட்டுன்னு தெரியாம நான் பேனாவத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, "மெட்ராசுலருந்து பெரிய குழு வந்திருக்குல்ல? அவக சொல்லட்டும்" என்று போய்விட்டார். டப்பாவை உக்கிரபாண்டி தன் காலடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் வந்து பெஞ்சில் உட்கார வேண்டும் என்று ஒச்சம்மாளுக்கு உத்தரவு.

குழு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. 'சில்லறைத் தட்டுப்பாடு ஆய்வு மற்றும் சீரமைப்புத் தனிக்குழு' என்று பெயர். ஒரு தலைவர், ஒரு செயலர், ஒரு டவாலிச் சேவகன், ஒரு ஜீப்பு. கல்யாண மண்டபத்தில் தொடக்க விழா. சில்லறை கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊரே பையோடு போயிற்று. கொண்டுவந்திருந்தார்கள். ஒரு பைசா, இரண்டு பைசா, மூன்று பைசா, ஐந்து, பத்து, இருபது, இருபத்தைந்து, ஐம்பது என்று வகைக்கு ஒன்றாக எட்டு நாணயம். கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டுத்துணியில் வைத்திருந்தது. பொதுமக்கள் சில்லறையின் உருவத்தை மறந்துவிடக்கூடாது என்பதற்காகவாம். பார்வைக் கட்டணம் ஐந்து பைசா. சரியான சில்லறை தர வேண்டும். ஆகவே யாரும் பார்க்கவில்லை.

தலைவர் பேசினார். நல்ல குரல்வளம்.

"நம் ரூபாய் ஷேர்ஷா காலத்திலிருந்து வருகிறது. அன்று அதில் ஒரு தோலா வெள்ளி இருந்தது. இன்று அதில் நம்பிக்கை இருக்கிறது. வெள்ளி கறுத்துப் போகும். நம்பிக்கை கறுக்காது."

"கிழியும்ல?" என்றான் பின்வரிசையில் ஜஹாங்கீர்.

"ரூபாய் விழுந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். ரூபாய் ஒருபோதும் விழுந்ததில்லை. அறுபத்தாறில் அதை நாங்களே இறக்கிவைத்தோம். விழுவது வேறு, இறக்கிவைப்பது வேறு. விலைவாசி உயர்ந்தது என்றும் சொல்கிறார்கள். அரிசி மேலே போயிற்று, துணி மேலே போயிற்று, தகரம் மேலே போயிற்று. ரூபாய் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நாட்டில் நிலையாக நிற்பது இன்று ரூபாயும் இந்தக் குழுவும்தான்."

கைதட்டல் பலமாக இருந்தது. தட்டினால் சில்லறை தருவார்கள் என்று முன்வரிசையில் யாரோ நம்பியிருக்க வேண்டும்.

பிறகு விண்ணப்பம் கொடுத்தார்கள். மூன்று படி. 'உமக்குச் சில்லறை எதற்கு?' 'கடந்த மூன்று ஆண்டுகளில் பெற்ற சில்லறையை என்ன செய்தீர்?' என்று கேள்விகள். இரண்டாவது கேள்விக்குச் சவரக் கடைக்காரர், 'செலவழித்தேன்' என்று உண்மையை எழுதினார். பொறுப்பற்றவர் என்று மனு தள்ளுபடியாயிற்று.

இப்படிப்பட்ட குழுவுக்கு ஒச்சம்மாள் வழக்கு போனது. சான்றுப்பொருளை இடம் மாற்றக்கூடாது என்று விதி இருந்ததால் குழுவே எங்கள் கடைக்கு வந்தது. சல்லடைகளை ஒதுக்கி நாற்காலி போட்டோம். என்னுடைய மூன்று கால் மேசை தலைவருக்கு முன்னால் போயிற்று. ஊரிலிருந்து திரும்பியிருந்த முதலாளி ஓரமாகக் கைகட்டி நின்றார். மற்ற இருபத்தொன்பது பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுச் சுவரோரம் நின்றார்கள்.

"இது பணமா, ஏலக்காயா? அதுதான் கேள்வி" என்றார் தலைவர். செயலர் எழுதிக்கொண்டார்.

முதலில் ஒரு பொட்டலத்தைத் தரையில் சுண்டிப் பார்த்தார்கள். நாணயம் போல ஒலிக்கவில்லை. 'ஓசை: இல்லை' என்று செயலர் எழுதினார். அடுத்து, நோட்டில் இருப்பதுபோல் நீர்க்குறிச் சின்னம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பொட்டலக் காகிதம் பழைய பரீட்சைத்தாள். உள்ளே யாரோ ஒரு மாணவனின் மதிப்பெண் தெரிந்தது. நூற்றுக்கு ஏழு. 'சின்னம்: உண்டு. மதிப்பு: குறைவு' என்று எழுதிக்கொண்டார்.

"கடித்துப் பார்க்கலாமா ஐயா?" என்றார் செயலர்.

"தங்கத்துக்குத்தான் அது. இதைக் கடித்தால் சான்று போய்விடும்."

ஒச்சம்மாளைக் கூப்பிட்டார்கள். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வந்து நின்றாள்.

"இவ்வளவு பொட்டலத்தை ஏன் பதுக்கினீர்கள்?"

"பதுக்கலங்க. சேத்தேன். பத்து மாசக் கூலி."

"செலவழித்திருக்க வேண்டும். பணம் ஓட வேண்டும். நீங்கள் சேர்த்து வைத்ததால்தான் ஊரில் தட்டுப்பாடு."

"சேத்து வைக்கலைன்னா, ஊதாரின்னு மனுவத் தள்ளுறீகளாம்ல?"

தலைவர் தண்ணீர் குடித்தார். ஒச்சம்மாள் விடவில்லை.

"அய்யா, எனக்கு எழுத்து வாசனை இல்ல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது பணம்னா மாத்திக் குடுங்க. காய்னா எடை போட்டு வாங்கிக்கங்க. ரெண்டும் இல்ல, குப்பைன்னா எம்டப்பாவத் திருப்பிக் குடுங்க. நான் திருடின்னு மட்டும் எழுதிராதீக. எனக்கு ஒரு பொம்பளப்புள்ள இருக்கு."

தலைவர் பொட்டலத்தின் மேல் இருந்ததை உரக்கப் படித்தார். "இதைக் கொண்டுவருபவருக்கு முப்பத்தைந்து பைசா தருவதாக உறுதி கூறுகிறேன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி எழுதிக் கையெழுத்துப் போடும் அதிகாரம் நாட்டில் யாருக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர் போட்டால் சிறை. கணக்குப்பிள்ளை யார்?"

கால்கள் என்னை முன்னால் கொண்டுபோயின. மற்ற உறுப்புகளுக்கு அதில் சம்மதம் இல்லை.

"இது உம் கையெழுத்தா?"

ஆமாம் என்று சொன்னால் பொட்டலம் கூலி, ஒச்சம்மாள் வீட்டுக்குப் போகலாம், நான் ஜெயிலுக்குப் போக வேண்டும். இல்லை என்றால் எனக்கு வீடு, அவளுக்கு ஜெயில். ஒரு சொல். ஒச்சம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் எதுவும் இல்லை. தராசு முள்ளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள், எந்தப் பக்கம் நிற்கப்போகிறது என்று.

"மாதிரி இருக்குங்கய்யா" என்றேன்.

"உம்முடையதா, இல்லையா?"

"என்னோடது இல்லீங்க. அது மாதிரி இருக்கு."

ஒச்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதலாளி தரையைப் பார்த்தார். செயலர் எழுதினார்: 'கையெழுத்து கணக்கருடையது அன்று. அதன் மாதிரி.'

"அப்படியானால் விஷயம் சுலபம்" என்றார் தலைவர். "வெளியிட்டவர் இல்லாத பணம் பணமாகாது. எனவே இது ஏலக்காய். ஏலக்காய் என்றால் இந்தக் கடையுடையது. கடைப்பொருள் இவரிடம் இருந்தது. எனவே திருட்டு. சாப்பிட்டு வந்து தீர்ப்பை எழுதிவிடலாம்." எழுந்தார். செயலர் எழுந்தார். வாசலுக்கு நடந்தார்கள்.

உக்கிரபாண்டி குறுக்கே கையை நீட்டினார்.

"கையத் தூக்குங்கய்யா."

"என்ன?"

"வெளிய போறவக எல்லாரையும் சோதிக்கணும். உத்தரவு."

"நான் குழுத் தலைவர்!"

"மொதலாளியே தூக்குறாருங்கய்யா."

முதலாளியைப் பார்த்தார் தலைவர். முதலாளி, பழக்கதோஷத்தில், தன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். வேறு வழியில்லாமல் தலைவரும் தூக்கினார். உக்கிரபாண்டி கோட்டுப் பையைத் தடவினார். ஒரு பொட்டலம் வந்தது. இன்னொன்று வந்தது. உள் பை, கால்சட்டைப் பை என்று எண்ணி எண்ணி வெளியே எடுத்தார். மொத்தம் எட்டு.

"இது... இது டீக்கடையில் கொடுத்த மீதி!" என்றார் தலைவர்.

உண்மைதான். நாலு நாளாகக் குழுவுக்குக் காலையில் மூன்று டீ, தலைவருக்கு மட்டும் ஒரு வடை. ஒரு ரூபாய் முப்பது பைசா. இரண்டு ரூபாய் நோட்டுக்கு மீதி எழுபது பைசா. அதற்கு இரண்டு பொட்டலம். ஜஹாங்கீர் கணக்கில் சுத்தமானவன்.

"அந்தம்மாவும் கூலியில மீதின்னுதாங்கய்யா சொல்லுச்சு" என்றார் உக்கிரபாண்டி. "ஒரு நாளைக்கு ஒண்ணுதான் கணக்கு. அய்யாட்ட எட்டு இருக்கு. ஒக்காருங்க பெஞ்சுல."

"பிரித்துப் பார்! உள்ளே காய் இருக்கிறதா, வேப்பங்கொட்டை இருக்கிறதா என்று பார்!"

"அதுக்கு எனக்கு உத்தரவு இல்லீங்கய்யா."

உக்கிரபாண்டி ஆறடி. செயலர் ஐந்தடி நாலங்குலம். டவாலி ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். தலைவர் உட்கார்ந்தார். ஏற்கெனவே அங்கே போய் உட்கார்ந்திருந்த ஒச்சம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"இங்கிட்டு வாங்கய்யா, அங்க வெயில் அடிக்கும்" என்றாள். அவர் நகர்ந்து உட்கார்ந்ததும் கேட்டாள்: "எடுத்ததா, மீதியா?"

"மீதிதான் அம்மா."

"நமக்கும் அதே கததான்."

மற்ற இருபத்தொன்பது பெண்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். முதலாளி உக்கிரபாண்டியிடம் ஏதோ சொல்லப் போனார். "மாப்ளே..." என்று ஊர் வழக்கப்படி முறைசொல்லி ஆரம்பித்தவர், என்ன நினைத்தாரோ, "நல்லாப் பாத்துக்க" என்று முடித்தார்.

சாப்பாட்டுக்குப் போகவேண்டிய குழு சாப்பிடாமலே, பெஞ்சில் உட்கார்ந்தபடியே, தொடையில் காகிதத்தை வைத்துத் தீர்ப்பை எழுதிற்று. அவ்வளவு வேகமாக அரசாங்கம் இயங்கி நான் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்சம் முன்பே உட்கார வைத்திருந்தால் சில்லறையே வந்திருக்கும். எழுந்து நின்று தலைவர் படித்தார்:

"மேற்படிப் பொட்டலம் ஒருவர் கையில் இருக்கும்போது நாணயம் போலவும், தேநீரில் இருக்கும்போது ஏலக்காய் போலவும் நடந்துகொள்கிறது. ஆகவே அதை வைத்திருப்பவர் எவராயினும், பதவி வேறுபாடின்றி, எத்தனை வைத்திருப்பினும், குற்றம் செய்தவராகார். பொட்டலம் அவரவர் உடைமை. கையெழுத்தைப் படிக்க இயலவில்லை. ஆதலால் வெளியிட்டவர் எவரும் இலர். இத்தீர்ப்பு உடனடியாக, மதிய உணவுக்கு முன்பாக, அமலுக்கு வருகிறது."

கேட்ட உக்கிரபாண்டி, தலைவரிடம் எட்டையும் ஒச்சம்மாளிடம் டப்பாவையும் திருப்பிக் கொடுத்து, இருவருக்கும் ஒரே மாதிரி சல்யூட் அடித்தார். ஜீப்பு தேனிப் பக்கம் போன வேகத்தில் எழும்பிய புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று. கண்ணாடிப் பெட்டியை மண்டபத்திலேயே மறந்துவிட்டார்கள். மறுநாள் பார்த்தபோது பெட்டி இருந்தது, பட்டுத்துணி இருந்தது. ஊரில் புழக்கத்துக்கு எட்டு நாணயம் வந்து சேர்ந்தது. குழுவால் விளைந்த நன்மை அது.

ஒச்சம்மாள் டப்பாவோடு நேரே தராசுக்கு வந்தாள். முதலாளியே எடை போட்டார். பிரிக்கப் பிரிக்க, ஒவ்வொன்றிலும் பதினாலு காய், பச்சை குறையாமல். முதலாளி காயைப் பார்த்தார், விலையை நினைத்தார், என்னைப் பார்த்தார்.

"இம்புட்டு நாளா முப்பத்தஞ்சு பைசாவுக்கு ஒரு ரூவாயக் குடுத்திருக்க. ஒஞ்சம்பளத்துல பிடிக்கணும்னா நீ செத்து, ஒம்மகனும் செத்த பெறகுதான் கணக்குத் தீரும். போ, ரூவாயக் கொண்டா."

இருநூற்று எழுபத்தைந்து ரூபாய் முப்பத்தைந்து பைசா. அஞ்சு தகரம். இரண்டு நூறு, ஏழு பத்து, ஐந்து ஒன்று என்று எண்ணி ஒச்சம்மாள் கையில் வைத்தேன். முப்பத்தைந்து பைசா நின்றது. பெட்டியைத் துழாவினேன், சில்லறை இல்லை. கை தானாகப் போய்ப் பதினாலு காயை எண்ணிக் காகிதத்தைக் கிழித்தது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

"வேணாம்" என்றாள் ஒச்சம்மாள்.

"ஒனக்கு வரவேண்டியதுக்கா."

"தெரியும். ஆனா நீ கையெழுத்துப் போட்டா நாளைக்கு அது ஒன்னோடது இல்லம்ப. யாரோடதுன்னு தெரிஞ்சா, அந்தாளுகிட்டக் குடுத்துரு. நான் அவர்ட்ட வாங்கிக்கிறேன்."

நோட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, வாசலில் கொசுவத்தை உதறிக் காட்டிவிட்டுப் போனாள்.

அத்தோடு பொட்டலம் நின்றது. ஒச்சம்மாள் வீட்டுக்குத் தகரம் ஏறிற்று. அடுத்த வருஷம் மழை பெய்தது, காய் விலை இறங்கிற்று. அதற்கடுத்த வருஷங்களில் சில்லறையும் எங்கிருந்தோ திரும்பி வந்தது. எங்கே போயிருந்தது என்று அதுவும் சொல்லவில்லை. முதல் இருபத்தைந்து பைசாவும் முதல் பத்துப் பைசாவும் கைக்கு வந்த அன்றே ஒரு காகிதத்தில் மடித்து, மேலே எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி 'சின்னமுத்து' என்று எழுதி மேசை இழுப்பறையில் வைத்தேன். ஒச்சம்மாள் தினமும் அந்த மேசையைத் தாண்டித்தான் போவாள். கையெழுத்துப் போட ஒரு வாரத்தில் ஒன்பதாயிரம் தடவை வளைந்த கை, இழுப்பறையைத் திறக்க இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டது.

எண்பத்தேழு தையில் ஒரு காலை, ஜஹாங்கீர் கடை வாசலில் அவளை மறித்து நீட்டினேன்.

"அக்கா, அந்தக் கையெழுத்து என்னோடதுதான்."

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். நாணயத்தை உள்ளங்கையில் புரட்டினாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா இதுக்கு ஒரு டீ வந்திருக்கும் அப்பு. இப்ப டீ முக்கா ரூவா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கடை பெஞ்சில் உட்கார்ந்து, முப்பத்தைந்து பைசாவை மேசைமேல் வைத்தாள்.

"நின்னா எப்பிடி? மிச்சம் நாப்பதப் போட்டு வாங்கிக் குடு. பத்து மாசம் குடிக்காம விட்ட டீ."